செவிலியர் துறையும் தலைமைப் பொறுப்பும்
(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஓய்வுபெற்ற செவிலியர் கண்காணிப்பாளர் ஒருவர் ஆற்றிய உரை)



செவிலியர் பணியின் சிறப்பைப் பற்றிப் பேசுமாறு சங்கத்தார் பணித்தனர். சிறப்பைப் பேச நாட்டில் ஆள் குறைவில்லை. ஆண்டுதோறும் மே 12ஆம் நாள் எங்கள் கையில் மெழுகுவத்தியைக் கொடுத்து, தேவதைகள் என்றும் தியாகச் சுடர்கள் என்றும் புகழ்ந்து, ஒரு துண்டு கேக்கும் தருவார்கள். மறுநாள் காலை வார்டுக்குப் போனால் அதே கூட்டம், அதே ஆள் பற்றாக்குறை. ஆகவே சிறப்பை ஒருபுறம் வைத்துவிட்டு, அத்துறையில் தலைமை யார் கையில் இருக்கிறது, நிருவாகம் எவ்வாறு நடைபெறுகிறது, அரசின் கொள்கையை மாற்றச் செவிலியர் என்ன செய்தனர், என்ன செய்யலாம் என்பவற்றைப் பேச அனுமதி வேண்டுகிறேன்.

இப்பொருள் நமக்கு ஏன் என்று சிலர் எண்ணக்கூடும். பேகம்பூரிலும் சுற்றுப்புறங்களிலும் தோல் பதனிடும் தொழிலில் உப்பும் சுண்ணாம்பும் அரித்த கைகளையுடைய குடும்பங்கள் எத்தனை என்பதை நீங்கள் அறிவீர்கள். அத்தகைய வீடுகளிலிருந்து ஒரு பெண் மேனிலைப் பள்ளியைத் தாண்டினால், பெற்றோர் மனத்தில் தோன்றும் படிப்புகளுள் நர்சிங் முன்னிற்கிறது. படித்து முடித்தால் வேலை உண்டு என்ற நம்பிக்கையே காரணம். அதில் தவறில்லை. ஆனால் வேலை கிடைத்ததோடு நம் நோக்கம் முடிந்துவிடுகிறது. வேலைக்குப் போன பெண் முப்பது ஆண்டுக்குப் பின் எந்தப் பதவியில் ஓய்வு பெறுவாள் என்று நாம் கேட்பதில்லை.

இன்னொரு காரணமும் உண்டு. செவிலியர் தொழில் தொட்டுச் செய்யும் தொழில். புண்ணையும் சீழையும் குருதியையும் தொடாமல் அதனைச் செய்ய முடியாது. தொடுதலையே குற்றமாக்கி வைத்திருந்த சமுதாயம், தன் பெண்களை இத்தொழிலுக்கு அனுப்ப நெடுங்காலம் கூசிற்று. ஆங்கிலோ-இந்தியப் பெண்களும் கிறித்தவப் பெண்களுமே தொடக்கக் காலத்தில் பெருமளவில் வந்தனர். 1946இல் வெளியான போர் குழுவின் அறிக்கை, இந்தியாவில் 43,000 மக்களுக்கு ஒரு செவிலியர் என்று கணக்குக் காட்டியது. அக்காலத்து இங்கிலாந்தில் 300 பேருக்கு ஒருவர். இந்தப் பள்ளத்துக்கு வறுமையும் காரணம், சாதியும் காரணம். 1897இல் புனேவில் பிளேக் பரவியபோது, நோயுற்ற தீண்டப்படாத சிறுவனைத் தம் தோளில் சுமந்து மருத்துவம் செய்யக் கொண்டு சென்ற சாவித்திரிபாய் புலே, அந்நோய்க்கே பலியானார். அவரை நாம் ஆசிரியை என்று மட்டும் போற்றுகிறோம். அவர் செய்தது செவிலியர் பணியும் ஆகும்.

இனி நிருவாகத்துக்கு வருகிறேன். விளக்கேந்திய பெருமாட்டி என்று படத்தில் நாம் காணும் பிளாரன்ஸ் நைட்டிங்கேல் உண்மையில் கணக்கேந்திய பெருமாட்டி. கிரிமியப் போரில் சிப்பாய்கள் காயத்தால் இறந்ததைவிட நோயால் இறந்ததே மிகுதி என்பதை 1858இல் வண்ண வரைபடமாக அச்சிட்டு அமைச்சர்களின் மேசையில் வைத்தார். இந்தியாவுக்கு அவர் ஒரு நாளும் வந்ததில்லை. ஆயினும் இந்தியாவில் இருந்த ஆங்கிலப் படையில் ஆண்டுக்கு ஆயிரத்துக்கு 69 பேர் இறப்பதை எடுத்துக்காட்டி, வடிகாலும் நல்ல குடிநீரும் கேட்டு ஓயாது எழுதினார். 1873 அளவில் அது 18ஆகக் குறைந்தது என்று அவரே எழுதியிருக்கிறார். கண்ணீர் வடித்திருந்தால் யாரும் செவிசாய்த்திருக்க மாட்டார்கள். எண்ணைக் காட்டியதால் சாய்த்தார்கள்.

நம் வார்டுகளிலும் அந்த எண் நாள்தோறும் எழுதப்படுகிறது. இரவுப் பணி முடித்துப் போகும் செவிலியர் ரிப்போர்ட் புத்தகத்தில் எழுதிவைப்பது என்ன? கட்டில் எத்தனை, நோயாளி எத்தனை, தரையில் பாயில் கிடப்போர் எத்தனை, புதிதாய்ச் சேர்ந்தோர், இறந்தோர் எத்தனை என்பனவே. இவற்றோடு அன்று பணியில் இருந்த செவிலியர் எத்தனை பேர் என்ற ஒரு வரியையும் சேர்த்து, மாதக் கடைசியில் கூட்டிப் பார்த்தால், அதுவே மேலிடத்துக்கு அனுப்பத்தக்க மனு. 'வேலைப்பளு தாங்கவில்லை ஐயா' என்று ஆர்.எம்.ஓ. அறை வாயிலில் நின்று முறையிட்டால், 'எல்லா இடத்திலும் அப்படித்தானம்மா' என்ற விடை கிடைக்கும். தேதியும் எண்ணும் உள்ள தாளுக்கு அவ்விடை போதாது. அவரும் அதனை மேலே அனுப்பியாக வேண்டும்.

எத்தனை செவிலியர் இருத்தல் வேண்டும் என்பதற்கு விதி உண்டு. இந்திய செவிலியர் மன்றம் வகுத்த அளவின்படி பொது மருத்துவமனையில் ஐந்து நோயாளிக்கு ஒருவர். மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மூவருக்கு ஒருவர். மூன்று முறைப் பணியாகப் பிரித்தால், கல்லூரி மருத்துவமனையில் ஒரு முறைக்கு ஒன்பது நோயாளிக்கு ஒருவர் வருவார். 36 கட்டில் உள்ள வார்டுக்குப் பன்னிருவர் வேண்டும். ஒரு முறைக்கு நால்வர். விடுப்பு எடுப்போருக்கு ஈடாக முப்பது விழுக்காடு கூடுதல் ஆள் வேறு வேண்டும். நம் திண்டுக்கல் அரசுத் தலைமை மருத்துவமனை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஆகிவிட்டது. கல்லூரி 2022 சனவரியில் திறக்கப்பெற்றது. பெயர்ப் பலகை மாறிய நாளில் ஐந்துக்கு ஒன்று என்ற அளவு மூன்றுக்கு ஒன்று என்று மாற வேண்டும். மாறிற்றா என்று கேட்கும் உரிமை அங்குப் பணியாற்றுவோருக்கு மட்டுமன்று, அங்குப் படுக்கும் நம் அனைவருக்கும் உண்டு. தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி ஒரு தாளில் கேட்கலாம். கட்டணம் பத்து ரூபாய்தான்.

பணி ஒதுக்கீட்டுப் பட்டியலைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். வெளியிலிருந்து பார்ப்போருக்கு அது வெறும் கட்டம் போட்ட தாள். உள்ளே இருப்போருக்கு அதுவே அரசியல் சட்டம். யாருக்குத் தீபாவளி இரவில் பணி, யாருக்குத் தீக்காய வார்டு, யாருக்குக் குளிர்ந்த அறுவை அரங்கு என்பதெல்லாம் அதில் இருக்கின்றன. நான் இளம் வயதில் பணியாற்றிய ஒரு மருத்துவமனையில், அதன் ஊரும் பெயரும் வேண்டா, காலனியிலிருந்து வந்த பெண்களுக்குத் தீக்காய வார்டும் சீழ்ப்புண் வார்டுமே மாதக்கணக்கில் விழும். காரணம் கேட்டால், 'நீங்கள் மனம் கோணாமல் செய்கிறவர்கள்' என்று பாராட்டுவார்கள். பாராட்டின் வடிவில் வரும் தீண்டாமையை மறுப்பது கடினம். அடித்தால் அழலாம், புகழ்ந்தால் என்ன செய்வது? பல ஆண்டு கழித்து வேறோர் இடத்தில் பட்டியல் எழுதும் பொறுப்பு என் கைக்கு வந்தபோது, பெயர்களை அகர வரிசையில் எழுதி, வார்டுகளைச் சுழற்சியில் போட்டு, மாதத்துக்கு முன்பே சுவரில் ஒட்டினேன். மாற்றிக்கொள்ள விரும்புவோர் இருவரும் கையொப்பமிட்டு மாற்றிக்கொள்ளலாம். முதல் மாதம் முணுமுணுப்பு இருந்தது. மூன்றாம் மாதம் பட்டியலைப் பற்றிப் பேச்சே இல்லை. தலைமை என்று நான் அறிந்தது இதுதான். மேடையும் மாலையும் அதில் இல்லை. பட்டியல் எழுதும் பேனா நம் பெண்களின் கைக்கும் வர வேண்டும் என்பதே நான் சொல்ல வந்தது.

அப்பேனா கைக்கு வருவதற்கு முன் ஒரு பெரிய பள்ளம் குறுக்கே கிடக்கிறது. அது தொகுப்பூதியம். 2015இல் தமிழ்நாட்டில் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் தேர்வு நடத்தி ஆயிரக்கணக்கான செவிலியரை ஒப்பந்த அடிப்படையில் எடுத்தது. மாத ஊதியம் 7,700 ரூபாய். இரண்டாண்டில் நிரந்தரம் என்பது எதிர்பார்ப்பு. அது பெரும்பாலோருக்கு நிறைவேறாமல் போகவே, 2017 நவம்பர் இறுதியில் சென்னை தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் செவிலியர் திரண்டு அமர்ந்தனர். உயர் நீதிமன்றம் வேலைநிறுத்தத்துக்குத் தடை விதித்தது. ஆனால் இத்தனை குறைந்த ஊதியம் ஏன் என்ற வினா அதன் பின்னர் ஓயவில்லை. ஊதியம் 14,000 ரூபாய் ஆயிற்று. கொரோனாக் காலத்தில் எடுக்கப்பட்ட ஒப்பந்தச் செவிலியர் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர், 2022 டிசம்பர் 31ஆம் நாளோடு பணியிலிருந்து விடுவிக்கப்பட்டனர். கைதட்டியும் பூத்தூவியும் வாழ்த்திய நாடு அது.

வேலைவாய்ப்பில் நமக்கு 18 விழுக்காடு இடம் உண்டு. அதற்குள் அருந்ததியருக்கு 3 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2009இல் வந்தது. வாயிலை அது திறக்கிறது. ஆனால் ஏழெட்டு ஆண்டைத் தொகுப்பூதியத்தில் கழித்த பெண், பதவி உயர்வுப் படிக்கட்டுக்கு வந்து சேரும்போது வயது ஏறியிருக்கிறது. பின்வாசலில் நிறுத்திவைத்துவிட்டு முன்வாசல் திறந்திருக்கிறது என்பது போன்றது இது. இட ஒதுக்கீடு பற்றிப் பேசும் நம் இளைஞர்கள் இதனையும் சேர்த்துப் பேச வேண்டும்.

தனியார் துறையிலும் ஒரு பாடம் இருக்கிறது. இந்தியப் பயிற்சி பெற்ற செவிலியர் சங்கம் தொடுத்த வழக்கில் 2016 சனவரியில் உச்ச நீதிமன்றம் இட்ட ஆணையின் பேரில் மத்திய அரசு ஒரு குழுவை அமைத்தது. ஐம்பது கட்டிலுக்கும் குறைந்த மருத்துவமனையிலும் மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக்கூடாது என்றும், இருநூறு கட்டிலுக்கு மேற்பட்ட இடத்தில் அரசு ஊதியத்துக்கு இணையாக வேண்டும் என்றும் அக்குழு பரிந்துரைத்தது. பரிந்துரை என்பது காலில்லாத பிள்ளை. யாரேனும் தூக்கிச் செல்ல வேண்டும். கேரளத்தில் தூக்கிச் சென்றார்கள். சேர்த்தலையிலிருந்து திருவனந்தபுரம் தலைமைச் செயலகம்வரை நடந்து செல்வோம் என்று செவிலியர் அறிவித்தனர். நடைப்பயணம் தொடங்கும் முன்னாள், 2018 ஏப்ரல் 23ஆம் நாள், குறைந்தபட்ச ஊதியம் 20,000 என்று அரசு அறிவிக்கை வெளியிட்டது. அதே பரிந்துரை, பக்கத்து மாநிலம். ஒருங்கு திரண்டோர் உண்டா இல்லையா என்பதே வேறுபாடு.

கடல் கடந்தும் நமக்கு உறவினர் உண்டு. அமெரிக்காவில் கறுப்பினச் செவிலியர் 1908இல் தமக்கெனத் தனிச் சங்கம் கண்டனர். நம் நாட்டுச் செவிலியர் சங்கம் தோன்றியதும் அதே ஆண்டுதான். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்கத் தரைப்படை 56 கறுப்பினச் செவிலியரை மட்டுமே எடுப்பதாக 1941இல் வரம்பு கட்டியது. அச்சங்கத்தின் செயலாளர் மேபல் ஸ்டாப்பர்ஸ் அம்மையார் கடிதம் எழுதினார், அதிகாரிகளைச் சந்தித்தார், குடியரசுத் தலைவரின் துணைவியாரையும் நேரில் கண்டு நிலைமையை எடுத்துரைத்தார். 1945 சனவரியில், ஆள் போதவில்லை, செவிலியரைக் கட்டாயமாகப் படைக்கு எடுக்கலாமா என்று அரசு பேசத் தொடங்கிய நேரம் பார்த்து, 'ஆயிரக்கணக்கில் நாங்கள் வாயிலில் நிற்கிறோமே' என்ற பொருள்பட அவர் வினவினார். தந்திகள் குவிந்தன. அம்மாதமே வரம்பு நீங்கியது. 1948இல் பொதுச் சங்கம் கறுப்பினத்தாரை உறுப்பினராக ஏற்றது. நோக்கம் நிறைவேறியதென்று 1951இல் தம் தனிச் சங்கத்தைத் தாமே கலைத்துவிட்டனர். காலம் அறிந்து கேட்டதே அவர் வெற்றி.

நம் அருகிலும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 1947இல் டாக்டர் சௌந்தரம் இராமச்சந்திரன் அம்மையார் சின்னாளபட்டிப் பக்கம் காந்திகிராமத்தைத் தொடங்கினார். சிறு மகப்பேற்று நிலையமாக முளைத்தது கஸ்தூரிபா மருத்துவமனை ஆயிற்று. 1959 முதல் ஆத்தூர் ஒன்றியத்தில் நடந்த நலவாழ்வுச் சோதனை நாடெங்கும் பேசப்பட்டது. அம்மையார் மருத்துவராக மட்டும் நின்றுவிடவில்லை. சட்டமன்றத்துக்கும் 1962இல் இத்திண்டுக்கல் தொகுதியிலிருந்து நாடாளுமன்றத்துக்கும் சென்றார். வெயிலில் நடந்து ஊர் ஊராகக் கணக்கெடுத்த துணைச் செவிலியரின் பெயர்களோ எந்தப் பலகையிலும் இல்லை. அம்மையாரின் குறையன்று இது. நடப்பவர் வேறு, எழுதுபவர் வேறு என்று நாம் வைத்திருக்கும் ஏற்பாட்டின் குறை.

நம் தமிழ்நாட்டைச் சேர்ந்த சரோஜினி வரதப்பன் அம்மையார் தலைமையில் 1987இல் அமைந்த உயர்நிலைக் குழு, வாரத்துக்கு நாற்பது மணி நேரப் பணி, நிருவாகத்தின் மேல்தட்டில் செவிலியருக்கு இடம் என்றெல்லாம் 1989இல் சொல்லிவைத்தது. செவிலியருக்குத் தனி இயக்குநரகம் வேண்டும் என்பது இங்குள்ள சங்கங்களின் நெடுநாள் கோரிக்கை. 1947ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக 2023இல் நாடாளுமன்றம் தேசிய செவிலியர், மகப்பேற்றுச் செவிலியர் ஆணையச் சட்டத்தை நிறைவேற்றியது. அதன்படி மாநிலந்தோறும் ஆணையம் அமைய வேண்டும். அந்நாற்காலிகளில் யார் அமர்வார்கள்? பட்ட மேற்படிப்பும் ஆண்டுக்கணக்கான பணி அனுபவமும் உள்ளோர் அமர்வார்கள். பட்டயத்தோடு நின்றுவிட்ட நம் பெண்களை யாரும் அழைக்க மாட்டார்கள்.

ஆதலின் சங்கத்தாருக்கு மூன்று வேண்டுகோள்களை வைக்கிறேன். நம் கல்வி உதவித் தொகை முதலாண்டுக் கட்டணத்தோடு நிற்கிறது. பணியில் இருந்துகொண்டே எம்.எஸ்சி. நர்சிங் படிக்க விழையும் பெண்ணுக்கும் அதனை நீட்டுங்கள். மாமியார் வீட்டார் தடுத்தால் பெரியோர் இருவர் போய்ப் பேசவும் வேண்டும். பணத்தைவிட அது பெரிய உதவி. அடுத்து, படிப்பு முடித்த பெண் மாநில செவிலியர் குழுமத்தில் பெயரைப் பதிவு செய்துவிட்டாளா, உரிய காலத்தில் புதுப்பித்தாளா என்று பார்க்கச் சங்கத்தில் ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். மூன்றாவது, நம் படிப்பகத்தில் ஓர் அலமாரியை ஒதுக்கித் தாருங்கள். செவிலியர் பற்றிய அரசாணைகள், பணி விதிகள், நான் கூறிய குழுக்களின் அறிக்கைகள் ஆகியவற்றில் என்னிடம் உள்ள படிகளை அடுத்த ஞாயிறன்று கொண்டுவந்து அடுக்கிவிடுகிறேன். பெரும்பாலானவை ஆங்கிலத்தில் உள்ளன. மாதம் ஒரு ஞாயிறு காலை பத்து மணிக்கு வந்து உடனிருந்து படித்துப் பொருள் சொல்ல ஆயத்தமாக இருக்கிறேன். வருவோர் பேனாவும் நோட்டும் கொண்டுவரவும்.