ஒட்டுப்படமும் உண்மையும்



யானை ஒன்று செம்பனை மரத்தின் உச்சியில் நின்றுகொண்டு குலை வெட்டுகிறது. கீழே ஒரு தாத்தா, ஒன்றும் நடவாததுபோல் நாற்காலியில் அமர்ந்து தேநீர் அருந்துகிறார். இப்படி ஒரு புகைப்படத்தை உங்கள் கையில் கொடுத்தால் என்ன செய்வீர்கள்? முதலில் சிரிப்பீர்கள். பிறகு, "இதை எப்படிச் செய்தார்கள்?" என்று கேட்பீர்கள். மூன்றாவதாக இன்னொரு கேள்வியும் இருக்கிறது. "இதை எதற்காகச் செய்தார்கள்?" என்பதே அது. இந்தக் கேள்விகளைப் பற்றித்தான் இன்று நாம் சிந்திக்கப் போகிறோம்.

வெவ்வேறு புகைப்படங்களிலிருந்து பகுதிகளை எடுத்து ஒரே படமாகச் சேர்ப்பதை ஒட்டுப்படம் என்று சொல்லலாம். கித்தாக் கன்றில் மொட்டு ஒட்டும் வேலையை நம் தோட்டத்துப் பெரியவர்கள் அறிவார்கள். ஒரு மரத்தின் மொட்டை எடுத்து, வேறொரு கன்றின் தண்டில் பட்டையைத் திறந்து வைத்துக் கட்டுவார்கள். ஒட்டுப் பிடித்துக்கொண்டால் தளிர் விடும். பிடிக்காவிட்டால் காய்ந்து விழும். ஒட்டுப்படமும் அப்படித்தான்.

கம்ப்யூட்டர் வந்த பிறகுதான் இந்த வேலை தொடங்கியது என்று பலர் நினைக்கிறார்கள். படங்களைத் திருத்தும் போட்டோஷாப் என்னும் மென்பொருள் வெளிவந்தது 1990இல்தான். ஆனால், அதற்கு 130 ஆண்டுகளுக்கு முன்பே ஒட்டுப்படங்கள் இருந்தன. அவை பிறந்த காரணமும் வேடிக்கையானது. 1850களில் கண்ணாடித் தகட்டில் மருந்து பூசிப் படம் எடுத்தார்கள். அந்த மருந்து நீல நிற ஒளி பட்டால் மிக விரைவாக மாறிவிடும். ஆகவே, கடல் நன்றாகத் தெரியும்படி எடுத்தால், வானம் மேகமே இல்லாமல் வெறும் வெள்ளையாகிவிடும். வானத்துக்கு ஏற்றபடி எடுத்தால், கடல் இருண்டுவிடும். பிரான்சு நாட்டைச் சேர்ந்த கஸ்தாவ் லெ கிரே என்பவர் கடலை ஒரு தகட்டிலும் வானத்தை மற்றொரு தகட்டிலும் எடுத்து, தொடுவானக் கோட்டில் இரண்டையும் சேர்த்து அச்சிட்டார். கண் கண்ட காட்சியைக் காட்டுவதற்கே ஒட்டு வேலை தேவைப்பட்டது என்பதைக் கவனியுங்கள். ஆகவே, ஒட்டியது எல்லாம் பொய் என்று நாம் சொல்லிவிட முடியாது.

1857இல், சுவீடனில் பிறந்து இங்கிலாந்தில் வாழ்ந்த ஆஸ்கார் ரெய்லாண்டர் என்பவர் இன்னும் பெரிய காரியத்தைச் செய்தார். அந்தப் படத்தில் ஒரு முதியவர் இரண்டு இளைஞர்களை வாழ்க்கையின் வாசலுக்கு அழைத்து வருகிறார். ஒருவன் சூதும் மதுவும் இருக்கும் பக்கம் திரும்புகிறான். மற்றவன் உழைப்பும் கல்வியும் இருக்கும் பக்கம் திரும்புகிறான். 'வாழ்வின் இரு வழிகள்' என்பது அதன் பெயர். அத்தனை பேரையும் ஒரே நேரத்தில் நிறுத்திப் படம் எடுக்க இயலாது. ஆகவே, முப்பதுக்கும் மேற்பட்ட நெகடிவ்களைத் தனித்தனியாக எடுத்தார். ஒவ்வொரு நெகடிவையும் தாளின்மேல் வைத்து, வேண்டிய இடத்தில் மட்டும் ஒளி விழச் செய்து, மற்ற இடத்தை மறைத்து, ஒரே படமாக அச்சிட்டார். விக்டோரியா மகாராணியே அதில் ஒரு பிரதியை வாங்கினார்.

அடுத்த ஆண்டு, 1858இல், ஹென்றி பீச் ராபின்சன் என்பவர் ஐந்து நெகடிவ்களைச் சேர்த்து ஒரு படம் செய்தார். நோயால் இறக்கும் தறுவாயில் ஓர் இளம்பெண். பக்கத்தில் துயரத்தோடு இரண்டு பெண்கள். சன்னல் ஓரத்தில் முதுகைக் காட்டி நிற்கும் ஓர் ஆண். அந்தப் பெண் உண்மையில் நோயாளி அல்லள், படத்துக்காக அமர்ந்தவள். ஆயினும், இவ்வளவு வேதனையான காட்சியைப் படம் எடுக்கலாமா என்று பலர் வருந்தினார்கள். இதே காட்சியை ஓவியர் தீட்டியிருந்தால் யாரும் அப்படிக் கேட்டிருக்க மாட்டார்கள். ஏன்? ஓவியத்தைப் பார்க்கும்போது, இது ஒருவர் கைவேலை என்று நம் மனம் ஒப்புக்கொள்கிறது. புகைப்படத்தைப் பார்க்கும்போதோ, இது நடந்தது என்று நம்பிவிடுகிறது. ஒட்டுப்படத்தின் வலிமை அதுவே. ஆபத்தும் அதுவே.

அந்த ஆபத்துக்கு எடுத்துக்காட்டாக இன்னொரு செய்தியைச் சொல்வோம். 1917இல் இங்கிலாந்தில் காட்டிங்லி என்னும் ஊரில் எல்சி, பிரான்சிஸ் என்று இரண்டு சிறுமிகள் இருந்தார்கள். ஒருத்திக்கு வயது 16; மற்றவளுக்கு 9. அவர்கள் காகிதத்தில் தேவதைகளை வரைந்து, வெட்டி, தொப்பி ஊசிகளால் செடிகளுக்கு நடுவே குத்தி நிறுத்தினார்கள். பக்கத்தில் நின்று படமும் எடுத்துக்கொண்டார்கள். வீட்டாரிடம் செய்த விளையாட்டு அது. ஆனால், துப்பறியும் கதைகள் எழுதிப் புகழ்பெற்ற ஆர்தர் கோனன் டாயிலே அதை மெய்யென்று நம்பி, 1920இல் பத்திரிகையில் எழுதினார். விளையாட்டு ஊரைத் தாண்டிப் போய்விட்டது. திருப்பி அழைக்க வழியில்லை. காகிதப் பொம்மைகள்தாம் என்று அவர்கள் வெளிப்படையாக ஒப்புக்கொண்டது 1983இல். அப்போது இருவரும் கிழவிகளாகி இருந்தார்கள். ஒரு சிறு விளையாட்டை 66 ஆண்டுகள் சுமக்க வேண்டியதாயிற்று.

அப்படியானால் கற்பனைப் படமே கூடாதா? கூடும். கற்பனை என்று எல்லாரும் அறியச் செய்தால் அது கலை. அர்ஜென்டினா நாட்டில் வாழ்ந்த கிரேட்டே ஸ்டெர்ன் என்னும் பெண்மணி 1948 முதல் 1951 வரை ஒரு பெண்கள் வார இதழுக்கு இப்படிப் படங்கள் செய்து கொடுத்தார். வாசகிகள் தாங்கள் கண்ட கனவுகளை எழுதி அனுப்புவார்கள். அவர் அந்தக் கனவைப் புகைப்படத் துண்டுகளால் உருவாக்கிக் காட்டுவார். அவற்றுள் ஒன்றில், மேசை விளக்கின் தண்டாக ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். ஓர் ஆணின் பெரிய கை விளக்கின் பொத்தானை அழுத்த நீள்கிறது. ஒரு வார்த்தைகூடத் தேவையில்லை. வேண்டும்போது ஏற்றி, வேண்டாதபோது அணைக்கும் பொருளாக வாழும் பெண்ணின் துயரம் அந்தப் படத்தில் இருக்கிறது. விடியுமுன் எழுந்து, சமைத்து, வேலைக்குப் போய், திரும்பி வந்தும் ஓயாத நம் தாய்மாருக்கு அந்தப் படத்தை விளக்க வேண்டியதில்லை.

இனி, செய்முறைக்கு வருவோம். பழைய நாள்காட்டி, வார இதழ், கடைகளில் தரும் விளம்பரத் தாள், கத்தரிக்கோல், பசை ஆகியவை போதும். கைத்தொலைபேசியிலும் செய்யலாம். ஆனால், பிள்ளைகள் முதலில் தாளில் செய்து பழகுவது நல்லது என்பது எங்கள் எண்ணம். தாளில் வெட்டிய பிறகு திரும்பச் சேர்க்க முடியாது. ஆகவே, வெட்டுமுன் யோசிப்பார்கள்.

நான்கு செய்திகளை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

முதலாவது ஒளி. காலை வெயிலில் நம் நிழல் மேற்கே விழுகிறது. மாலையில் கிழக்கே விழுகிறது. ஒரே படத்தில் ஒருவருக்கு நிழல் இடப்புறமும் மற்றவருக்கு வலப்புறமும் விழுந்தால், அங்கே இரண்டு சூரியன் என்று பொருள்.

இரண்டாவது அளவு. செம்பனை நிரைகளுக்கு நடுவே நின்று பாருங்கள். மரங்கள் தூரம் போகப் போகச் சிறுத்து, நிரைகள் ஒன்று சேர்வதுபோல் தோன்றும். பத்தாவது மரத்தின் பக்கத்தில் ஓர் ஆளை வைக்க விரும்பினால், அந்த மரத்தோடு ஒப்பிட்டுத்தான் ஆளைத் தேட வேண்டும்.

மூன்றாவது ஓரம். கோட்டுக்குச் சற்று உள்ளே வெட்டினால் பழைய பின்னணி ஒட்டிக்கொண்டு வராது. வெட்டிய தாளின் பின்புறத்து ஓரத்தை உப்புத்தாளால் மெல்லத் தேய்த்தால், ஓரம் மெலிந்து படிந்துவிடும். வெள்ளைக் கோடு தெரிந்தால் பென்சிலால் இலேசாக நிறம் கொடுக்கலாம்.

நான்காவது கற்பனை. நடக்க முடியாதது ஒன்றே ஒன்று இருக்கட்டும். மற்றவை எல்லாம் நாம் தினமும் காண்பதுபோல் இருக்கட்டும். மரத்தின்மேல் யானை என்றால், மரமும் தாத்தாவும் தேநீரும் சாதாரணமாக இருக்க வேண்டும். எல்லாமே விந்தையானால் எதுவும் விந்தையாக இராது.

படம் முடிந்ததும் நாலு பேர் கூடிப் பார்க்க வேண்டும். குறை சொல்வதற்கும் ஒரு முறை இருக்கிறது. எங்கள் பள்ளியில் ஐந்தாம் ஆண்டு மாணவர்கள் வட்டமாக உட்கார்ந்து படங்களைப் பார்ப்பது வழக்கம். அவர்களுக்கு நாங்கள் வைத்திருக்கும் ஒழுங்கு இதுதான். முதலில், படத்தில் என்ன தெரிகிறது என்பதைச் சொல்ல வேண்டும். அடுத்து, செய்தவர் என்ன நினைத்தார் என்று கேட்க வேண்டும். அதன் பிறகுதான் குறை சொல்லலாம். குறை படத்தின் ஓர் இடத்தைப் பற்றியதாக இருக்க வேண்டும். ஆளைப் பற்றியதாக இருக்கக் கூடாது. "உனக்கு வெட்டத் தெரியவில்லை" என்பது ஏச்சு. "இந்தக் கைப்பக்கம் ஓரம் தெரிகிறது" என்பது உதவி. குறை சொன்னவரே திருத்தத்துக்கு ஒரு வழியும் சொல்ல வேண்டும். ஏற்பதும் விடுவதும் செய்தவர் விருப்பம்.

இந்த ஒழுங்கு எவ்வளவு பயன்படும் என்பதை ஒருமுறை கண்கூடாகக் கண்டோம். ஒரு பையன் தான் பரிசு வாங்கிய நாளின் படத்தில், காலமாகிவிட்ட தன் தாயின் உருவத்தை வெட்டி ஒட்டியிருந்தான். திடலில் நல்ல வெயில். அவன் நிழல் தரையில் தெளிவாக விழுந்திருந்தது. தாயின் படமோ ஸ்டூடியோவில் எடுத்தது, நிழலே இல்லை. அது எல்லார் கண்ணுக்கும் தெரிந்தது. ஆனால், சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை. சிறிது நேரம் கழித்து ஒரு மாணவி, "அம்மாவ அந்த மரத்தடியில நிக்க வைடா. மரத்து நிழல்ல நின்னா யாருக்கும் தனியா நிழல் விழாது" என்றாள். பசை இன்னும் காயவில்லை. அவன் மெதுவாக எடுத்து, மரத்தடியில் வைத்துப் பார்த்தான். தாய் மரத்தடியில் நின்று மகனைப் பார்ப்பதுபோல் படம் அமைந்துவிட்டது. அவள் சொன்னதும் குறைதான். ஆனால், அந்தக் குறையில் அன்பு இருந்தது. தொழில் அறிவும் இருந்தது. வாய்மூடி இருந்தவர்களைவிட அவள்தான் அவனுக்கு உதவினாள்.

முதல் உலகப் போர்க் காலத்தில் இங்கிலாந்துப் படக் கடைகளிலும் இப்படித்தான், போரில் மாண்ட வீரனின் உருவத்தை அவன் குடும்பத்தாரோடு சேர்த்துக் கொடுத்தார்கள். அவற்றை யாரும் ஏமாற்று என்று சொல்லமாட்டார்கள். வாங்கியவர்களுக்கு உண்மை தெரியும். அது ஆசைப் படம்.

ஆகவே, ஆசைப் படத்துக்கும் ஏமாற்றுப் படத்துக்கும் வேறுபாடு கத்தரிக்கோலில் இல்லை. பார்ப்பவரிடம் நாம் என்ன சொல்லுகிறோம் என்பதில் இருக்கிறது. பிள்ளைகள் செய்யும் ஒவ்வொரு படத்தின் பின்புறத்திலும், "இது ஒட்டுப்படம்" என்று எழுதி, பெயரும் தேதியும் இடச் சொல்லுங்கள். உயிரோடு இருக்கும் ஒருவருடைய முகத்தை, அவர் சம்மதம் இல்லாமல் எடுக்கக் கூடாது என்றும் சொல்லுங்கள். சிறப்பாக, பெண்பிள்ளைகளின் முகத்தை வேறோர் உடலோடு ஒட்டித் தொலைபேசியில் அனுப்புவது விளையாட்டு அன்று. அது ஒரு குடும்பத்தின் நிம்மதியைக் கெடுத்துவிடும். மலேசியாவில் 1998ஆம் ஆண்டின் தொடர்பு, பல்லூடகச் சட்டம் இருக்கிறது. பிறரைத் துன்புறுத்தும் நோக்கத்தோடு பொய்யானதையும் ஆபாசமானதையும் அனுப்புவதை அதன் 233ஆம் பிரிவு குற்றம் என்கிறது. சட்டம் பின்னால் வரட்டும். வீட்டிலேயே முதலில் சொல்லிக் கொடுப்போம்.

படம் செய்து பழகியவர்களுக்கு இன்னொரு நன்மையும் உண்டு. பிறர் அனுப்பும் படத்தைப் பார்த்தவுடனே நிழல் எங்கே, அளவு சரியா, ஓரம் எப்படி என்று கண் தேடத் தொடங்கிவிடும். ஆனால், இன்று கம்ப்யூட்டர் தானாகவே உருவாக்கும் படங்களில் ஒளியும் நிழலும்கூடச் சரியாக அமைந்துவிடுவது உண்டு. அங்கே கண் மட்டும் போதாது. இதை யார் முதலில் வெளியிட்டார்கள்? எப்போது, எங்கே எடுத்தார்கள்? என் கோபத்தையோ பயத்தையோ கிளப்புவதற்காகச் செய்ததா? விடை தெரியாவிட்டால், அடுத்தவருக்கு அனுப்பாமல் நிறுத்திவிடுங்கள். நம் கையோடு அது நின்றுவிட்டால் அதுவே பெரிய உதவி.

பெற்றோர்களே, வரும் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பழைய நாள்காட்டி ஒன்றைப் பிள்ளைகளிடம் கொடுங்கள். நீங்களும் பக்கத்தில் உட்காருங்கள். தாத்தாவை நிலவில் உட்கார வைக்கட்டும். ஆட்டுக்குட்டிக்குச் சிறகு ஒட்டட்டும். சிரித்து மகிழுங்கள். பிறகு, நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்குப் பதில் தேடும் பிள்ளையைப் பிற்காலத்தில் எந்தப் படமும் எளிதில் ஏமாற்ற முடியாது.