ஆர்கேடியாவைக் கட்டியவன்

திரையில் தெரியும் கப்பலைப் பாருங்கள். விண்வெளியில் போர் செய்யும் கப்பல். ஆனால் பின்பகுதி அப்படியே பழைய பாய்மரக் கப்பல்: வரிசையாகச் சாளரங்கள், மேலே மண்டையோட்டுக் கொடி. காற்றே இல்லாத வெளியில் அந்தக் கொடி படபடக்கிறது. கப்பலின் பெயர் ஆர்கேடியா. அதன் கேப்டன் ஹார்லாக்; முகத்தில் தழும்பு, ஒரு கண்ணில் கறுப்பு மறைப்பு, நீண்ட மேலங்கி. அனிமே பார்க்கிறவர்களுக்கு இவனை அறிமுகப்படுத்தத் தேவையில்லை.

இந்தக் கப்பலை யார் கட்டினார்கள் என்று கேட்டால்தான் பலர் யோசிப்பார்கள். அவன் பெயர் ஓயாமா தோச்சிரோ. குள்ளம். வளைந்த கால்கள். தடித்த வட்டக் கண்ணாடி. தலையைவிடப் பெரிய தொப்பி. பிரபஞ்சத்தில் இவனுக்கு ஈடான பொறியாளன் இல்லை என்று கதை சொல்கிறது. தோற்றத்தில் அதற்கான தடயம் ஒன்றுகூடக் கிடையாது. எனக்கு ஹார்லாக்கைவிட இவன்மேல்தான் பிரியம். இவன் வந்த வழியைத்தான் இன்று பார்க்கப்போகிறோம்.

படைத்தவர் லெய்ஜி மாட்சுமோட்டோ. 1938-இல் ஜப்பானின் கியூஷு தீவில், குருமே ஊரில் பிறந்தவர். அப்பா ராணுவ விமானி. போர் முடிந்த பிறகு அந்தக் குடும்பம் வறுமையில் விழுந்தது. மாட்சுமோட்டோ படம் வரைந்து பிழைக்கத் தோக்கியோவுக்கு ரயிலேறினார். அவர் தம்பி படித்து இயந்திரப் பொறியாளர் ஆனார். இயந்திரங்களின்மேல் ஆசை அண்ணனுக்கும் குறைவில்லை. மாட்சுமோட்டோ வரைந்த விமானங்களையும் கப்பல்களையும் பாருங்கள். அளவுமானிகள் சுவர் முழுக்க நிறைந்திருக்கும். ஒவ்வொரு முள்ளையும் அவர் அக்கறையோடு வரைந்திருப்பார்.

ஜப்பானில் அறையின் பரப்பை விரித்த பாய்களின் எண்ணிக்கையால் சொல்வார்கள். அந்நாளில் தோக்கியோவில் ஏழை மாணவர்களுக்கு வாய்த்தது நாலரைப் பாய் அறை. நான்கு பேர் படுத்தால் நிறைந்துவிடும். மாட்சுமோட்டோவும் அப்படித்தான் ஒண்டிக் குடித்தனம் இருந்தார். 1971-இல் தொடங்கிய 'ஓத்தோகோ ஓயிதோன்' என்ற படக்கதையில் அந்த அறையையே வரைந்தார். கியூஷுவிலிருந்து வந்த குள்ளமான, கண்ணாடி போட்ட இளைஞன். அலமாரியில் துவைக்காத உள்ளாடைக் குவியல். அதில் முளைக்கும் காளான். அவன் குடும்பப் பெயர் ஓயாமா. மாட்சுமோட்டோ உலகின் கணக்குப்படி, பல நூற்றாண்டுகள் கழித்து விண்கப்பல் கட்டப்போகிற தோச்சிரோ அவன் வம்சம்.

ஹார்லாக்கும் தோச்சிரோவும் நண்பர்களாகச் சேர்ந்து சுற்றுவது 1972-இல் தொடங்கிய 'கன் ஃப்ரன்டியர்' படக்கதையில். களம் அமெரிக்காவின் மேற்கு. ஒருவன் துப்பாக்கிக்காரன், மற்றவன் அழிக்கப்பட்ட தன் ஊரிலிருந்து தப்பியவர்களைத் தேடி அலையும் சாமுராய். விண்வெளி வருவதற்கு முன்பே இந்த நட்பு உருவாகிவிட்டது. நெட்டையன், குட்டையன். ஒருவன் இல்லாமல் மற்றவன் இல்லை.

1978 மார்ச்சில் 'விண்வெளிக் கடற்கொள்ளையன் கேப்டன் ஹார்லாக்' தொலைக்காட்சித் தொடராக வந்தது. தோஎய் நிறுவனம் தயாரித்தது, இயக்கியவர் ரின்தாரோ, மொத்தம் 42 பகுதிகள். தொடர் தொடங்கும்போதே தோச்சிரோ இறந்துபோயிருக்கிறான். கப்பலின் நடுவே ஒரு பெரிய கணினி. மனது கனக்கும்போதெல்லாம் ஹார்லாக் அந்த அறைக்குத் தனியாகப் போய் அதனோடு பேசுகிறான். சில வேளைகளில் கப்பல் யாருடைய கட்டளையும் இல்லாமல் தானே திரும்புகிறது. மாலுமிகளுக்கே புரியாத அந்தப் புதிரின் விடை பின்னர் தெரியவரும்: தோச்சிரோவின் உயிர் கணினிக்குள் இருக்கிறது. பூமியில் விட்டுவந்த அவன் மகள் மாயுவுக்காகத்தான் ஹார்லாக் ஆபத்தைப் பொருட்படுத்தாமல் திரும்பத் திரும்ப அங்கே போகிறான்.

அடுத்த ஆண்டு வந்த 'கேலக்ஸி எக்ஸ்பிரஸ் 999' திரைப்படம் இந்தப் புதிரை இன்னும் ஆழமாக்கியது. இதையும் ரின்தாரோதான் இயக்கினார். அதில் பணக்காரர்கள் இயந்திர உடல் வாங்கிச் சாகாமல் வாழ்கிறார்கள். பொழுதுபோக்காக மனிதர்களை வேட்டையாடுகிறார்கள். அப்படித் தாயை இழந்த சிறுவன் தெட்சுரோ, பழிவாங்கத் தானும் இயந்திர உடல் பெற வேண்டும் என்று விண்ரயிலில் போகிறான். சனிக் கோளின் நிலவான டைட்டனில் ஒரு மூதாட்டி தன் மகனுடைய தொப்பியையும் துப்பாக்கியையும் அவனுக்குத் தருகிறாள். பின்னர் ஒரு கோளில், பாழடைந்து கிடக்கும் கப்பலுக்குள் அந்த மகனையே அவன் சந்திக்கிறான். தோச்சிரோ நோயில் படுத்துக் கிடக்கிறான். எழுந்து நிற்கத் தெம்பில்லை. ஒரே ஓர் உதவி கேட்கிறான்: அந்த லீவரை இழுத்துவிடு.

சிறுவன் இழுக்கிறான். உடல் மறைகிறது. உயிர் ஆர்கேடியாவுக்குப் போகிறது.

இந்தக் காட்சியை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். இயந்திரத்துக்குள் புகுந்து சாவை ஏய்ப்பது இழிவு என்றுதான் படம் முழுக்கச் சொல்கிறது. பிறகு ஏன் இதே காரியத்தைத் தோச்சிரோ செய்யும்போது நம் கண் கலங்குகிறது? அந்தப் பணக்காரர்கள் இயந்திரத்தை விலைக்கு வாங்கினார்கள். இவன் ஒவ்வோர் ஆணியையும் தன் கையால் அடித்த கப்பலுக்குள் போகிறான். அவர்கள் தங்கள் ஆயுளை நீட்டிக்கொண்டார்கள். இவனுக்குத் திரும்ப நடக்கவோ, சிரிக்கவோ, மகளைத் தூக்கவோ முடியாது. நண்பன் போகிற இடமெல்லாம் அவனைச் சுமந்து போகலாம், அவ்வளவுதான். மாட்சுமோட்டோ இயந்திரங்களை வெறுத்தவர் என்று எழுதுகிறவர்கள் இந்த ஒரு காட்சியை மறுபடி பார்க்க வேண்டும்.

1982-இல் 'என் இளமையின் ஆர்கேடியா' திரைப்படம் வந்தது. கதை பின்னோக்கிப் போகிறது. பூமி அந்நியரிடம் தோற்றுக் கிடக்கிறது. ஹார்லாக்கும் தோச்சிரோவும் அப்போதுதான் அறிமுகமாகிறார்கள். அவர்களுடைய முன்னோர்களும் இரண்டாம் உலகப் போரில் சந்தித்தவர்கள் என்பது தெரியவருகிறது. ஒருவர் ஜெர்மன் விமானி. மற்றவர் விமானத்தின் குறிபார்க்கும் கருவிக்காக ஜெர்மனியில் வேலை செய்த ஜப்பானியப் பொறியாளர். தோல்வி நெருங்கும் நாளில் விமானி அவரை ஸ்விட்சர்லாந்துக்குத் தப்ப வைத்து, தன் கண்போல் காத்த அந்தக் கருவியையும் கொடுத்தனுப்புகிறார். சண்டையிடுகிறவனின் கண் எப்போதும் பொறியாளன் கையில்தான் இருக்கிறது.

இந்தப் படங்களில் தோச்சிரோவுக்குக் குரல் கொடுத்தவர் கெய் தோமியாமா. 1974-இல் வந்த 'விண்வெளிப் போர்க்கப்பல் யமாத்தோ' தொடரின் இளம் நாயகன் சுசுமு கோதாய்க்கும் அவர் குரல்தான். நாயகனுக்கு உரிய அதே குரலைக் குட்டை மனிதனுக்கும் தந்தார்கள். 1995-இல் தோமியாமா காலமானார். தோச்சிரோ தன் மறுவடிவம் என்றே சொல்லிவந்த மாட்சுமோட்டோ, 2023 பிப்ரவரியில் போனார்.

அந்த 1982 படத்தில், அந்நியர் கண்ணில் படாமல் நிலத்துக்கு அடியில் கட்டிவைத்த கப்பலைத் தோச்சிரோ நண்பனுக்கு முதன்முதலாகக் காட்டுகிறான். விளக்கு எரிகிறது. கண்ணாடிக்குப் பின்னால் அவன் முகம் பூரித்துப் போகிறது. திரையரங்கில் இருந்தவர்கள் மூன்று ஆண்டுகளுக்கு முன்பே அந்த லீவர் இழுக்கப்படுவதைப் பார்த்தவர்கள். அவன் காட்டுவது தன் வீட்டை என்பது அவர்களுக்குத் தெரியும். அவனுக்கு இன்னும் தெரியாது.