தடுத்தவர் பெயர்



இன்று பட்டம் வாங்கும் கலசப்பாக்கத்துப் பிள்ளைகளிடம் ஒரு ஹாக்கி வீரரைப் பற்றிப் பேச ஆசைப்படுகிறேன். திலீப் திர்க்கி. 1977-இல் ஒடிசாவின் சுந்தர்கட் மாவட்டத்தில் ஒரு பழங்குடிக் குடும்பத்தில் பிறந்தவர். அப்பா மத்திய ரிசர்வ் போலீஸ் படையில் இருந்தார். மகன் ரூர்கேலா பான்போஷ் விளையாட்டு விடுதியில் சேர்ந்து ஆட்டம் பழகினார். 18 வயதில் அட்லாண்டா ஒலிம்பிக். ஆடிய இடம் பின்களம்.

அந்த இடத்தில் நிற்பது எப்படிப்பட்டது என்பதற்கு 2000 சிட்னி ஒலிம்பிக் ஒன்றே போதும். போலந்தை வென்றால் இந்தியாவுக்கு அரையிறுதி. 1-0 என்று முன்னிலையில் இருக்கிறோம். முடிய இரண்டு நிமிடம்கூட இல்லை. போலந்து ஒரு கோல் போட்டது. 1-1. அரையிறுதி கைநழுவிப் போயிற்று. அதுவரை நம் பின்களம் தடுத்துத் திருப்பிய பந்துகளை யாரும் எண்ணி வைக்கவில்லை. நழுவிய அந்த ஒன்றைத்தான் இன்றும் பேசுகிறோம். முன்களத்தில் ஆடுகிறவர் ஐந்து வாய்ப்பைக் கோட்டைவிட்டு ஒன்றைப் போட்டாலும் தோளில் தூக்குவார்கள். தடுப்பவருக்கு அந்தச் சலுகை கிடையாது. இது அநியாயம்.

அந்தப் பின்களத்தில் ஆடிய திர்க்கி ஒதுங்கிவிடவில்லை. 2004-இல் ஏதென்ஸ் ஒலிம்பிக்குக்கு அணித்தலைவராகப் போனார். 2010-இல் ஓய்வு பெற்றபோது 412 சர்வதேச ஆட்டங்கள். அதுவரை எந்த இந்தியரும் அத்தனை ஆடியதில்லை. 2007-இல் நம் சென்னையில், எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் அரங்கத்தில் நடந்த ஆசியக் கோப்பையை இந்தியா வென்றது. தொடர் முழுக்க 57 கோல் போட்டோம் என்று சொல்லிச் சொல்லி மகிழ்ந்தோம். வாங்கியது ஐந்தே ஐந்து. எனக்கு அந்த ஐந்துதான் பெரிது.

பனித்தரையில் ஆடும் ஐஸ் ஹாக்கியில் ஸ்வீடன்காரர் நிக்லாஸ் லிட்ஸ்ட்ரோம் இப்படித்தான். 1989-இல் வட அமெரிக்க லீகின் அணிகள் புது வீரர்களைத் தேர்ந்தெடுத்தபோது, 52 பேரை எடுத்த பிறகே அவரை எடுத்தார்கள். டெட்ராய்ட் அணிக்கு மட்டும் 20 சீசன், 1,564 ஆட்டம். ஆளை மோதிச் சாய்ப்பதைவிட, ஆட்ட வட்டு வரும் வழியை முன்பே கணித்து மட்டையை அங்கே வைப்பதுதான் அவர் பாணி. அந்த லீகில் தடுப்பாட்டக்காரருக்கென்றே 1954 முதல் ஒரு விருது தருகிறார்கள். அவர் அதை ஏழு முறை வாங்கினார். நல்ல ஏற்பாடு.

தறிச் சத்தத்தில் வளர்ந்தவர்கள் நீங்கள்; இது உங்களுக்குப் புரியும். ஆரணிப் பட்டைக் கல்யாணத்தில் பார்க்கிறவர்கள் முந்தியைப் புகழ்வார்கள், ஜரிகையைப் புகழ்வார்கள். பழைய பாவோடு புதுப் பாவை இழை இழையாகப் பிணைத்துக் கொடுத்தவரை விசாரிப்பதில்லை.

உங்களில் பலர் அதிகாரிகளாக வருவீர்கள். ஆண்டுக் கடைசியில் பாராட்டுக்குரியவர்கள் பட்டியல் உங்கள் மேசைக்கு வரும். கையெழுத்துப் போடுமுன், நடக்காமல் போன விபத்துக்கும் பரவாமல் போன காய்ச்சலுக்கும் யார் காரணம் என்று விசாரியுங்கள். அவர் பெயரையும் அதில் சேருங்கள். இதுதான் என் வேண்டுகோள்.