நாய் கடித்தது, சரி. கேட்டைத் திறந்து விட்டது யார்?

(நேற்று மாலை நம் வட்டத்தில் நடந்த தெருமுனைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். வர முடியாத உறவுகளுக்காக இங்கே பதிவிடுகிறோம்.)



இன்னிக்கு நான் தேர்தலைப் பத்திப் பேச வரலைங்க. நாயைப் பத்திப் பேச வந்திருக்கேன். பின்னாடி யாரோ சிரிக்கிறாங்க. சிரிங்க, பரவாயில்லை. ஆனா போன வாரம் நம்ம தெருவில் பேப்பர் போடுற பையனோட அம்மா முன்னால நான் நின்னப்போ எனக்குச் சிரிப்பு வரலை.

பையன் பதினோராம் வகுப்பு. காலையில் பேப்பர் போட்டுவிட்டுத்தான் பள்ளிக்கூடம் போவான். விடியற்காலை ஐந்தரை மணிக்கு சைக்கிளை நிறுத்தி இறங்குகிறான், கெண்டைக்காலில் நாலு பல் பதிந்துவிட்டது. கடித்தது தெரு நாய் இல்லை. கழுத்தில் பட்டை போட்ட, தினமும் கறிச்சோறு தின்கிற வீட்டு நாய். அந்த வீடு யார் வீடு தெரியுமா? நம்ம கட்சிக்காரர் வீடு. பெயர் வேண்டாம், இங்கேதான் நிற்கிறார். அவரைக் கேட்டுவிட்டுத்தான் பேசுகிறேன். "சொல்லுங்கண்ணே, தப்பு என் பேர்லதான்" என்றார். அந்த மனசுக்கு நன்றி. ஆனால் நடந்ததை மறைக்க முடியாது.

அவர் தினமும் செய்ததைத்தான் அன்றைக்கும் செய்தார். காலையில் கேட்டைத் திறந்து விடுவார். நாய் தெருவில் போய் 'எல்லாத்தையும்' முடித்துவிட்டுத் தானாகவே திரும்பி வரும். அடுத்த வீட்டு வாசலில் கோலம் போட உட்காரும் அம்மாதான் அதை அள்ள வேண்டும். நம்மில் எத்தனை பேர் வீட்டில் இதுதான் நடக்கிறது?

கடித்த பிறகு அவர் அந்த அம்மாவிடம் இரண்டாயிரம் ரூபாயை நீட்டி, "கேஸ் எல்லாம் வேண்டாம்மா" என்றிருக்கிறார். அந்த அம்மா பணத்தைப் பார்க்கவே இல்லை. "நாய்க்கு ஊசி போட்டிருக்கா?" என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். இவருக்குப் பதில் தெரியவில்லை. வீட்டுக்குள் போய் பீரோவைக் குடைந்து ஊசிச் சீட்டை எடுத்து வந்தார். கடைசியாகப் போட்ட தேதி மூன்று வருஷத்துக்கு முந்தியது.

அதற்குள் பையனின் பாட்டி காயத்தில் மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்து அப்பிவிட்டார். பாசத்தில் செய்ததுதான், குறை சொல்லவில்லை. ஆனால் தாய்மார்கள் இதை மட்டும் மனசில் வையுங்கள். நாய் கடித்தால் மஞ்சள், சுண்ணாம்பு, காபித்தூள், மிளகாய்த்தூள் எதுவுமே வேண்டாம். குழாயைத் திறந்து, ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவுங்கள். கட்டுப் போடாமல் நேராக அரசு மருத்துவமனைக்கு ஓடுங்கள். ஊசி இலவசம். முதல் நாள் போட்டதும் 3, 7, 28-ஆம் நாள் என்று தேதி சொல்வார்கள், ஒன்றைக்கூட விடக் கூடாது. காயம் ஆழமாக இருந்தால் காயத்தைச் சுற்றியும் ஒரு மருந்து போடுவார்கள். "வீட்டு நாய்தானே, பத்து நாள் பார்ப்போம்" என்று ஊசியைத் தள்ளிப் போடாதீர்கள். வெறிநோய் அறிகுறி வெளியே வந்துவிட்டால் அப்புறம் எந்த டாக்டராலும் ஒன்றும் செய்ய முடியாது. 2024-இல் மட்டும் தமிழ்நாட்டில் சுமார் 4.8 லட்சம் பேரை நாய் கடித்திருக்கிறது. 43 பேர் வெறிநோயில் செத்திருக்கிறார்கள். தடுப்பூசி இருக்கும் காலத்தில், 43 வீட்டில் இழவு.

பையனுக்கு இரண்டு ஊசி முடிந்தது, இன்னும் இரண்டு பாக்கி. அது முடியும்வரை அந்த அம்மாவுக்குத் தூக்கம் கிடையாது.

தெரு நாய் கடித்தால் "மாநகராட்சி என்ன செய்யுது?" என்று மைக் பிடிக்கிறோம். நியாயம்தான். வீட்டு நாய் கடித்தால் யார் மைக் பிடிப்பது? 2024 மே மாதம் நுங்கம்பாக்கத்தில் மாநகராட்சிப் பூங்காவில் ஐந்து வயதுப் பெண் குழந்தையை இரண்டு ராட்வீலர் நாய்கள் கடித்துக் குதறின. பூங்காக் காவலாளியின் மகள். 2025 ஆகஸ்டில் ஜாபர்கான்பேட்டையில் பிட்புல் கடித்து ஒருவர் உயிரே போய்விட்டது. இரண்டுமே ஒருத்தர் வீட்டில் வளர்த்த நாய்கள்.

அதற்குப் பிறகு பிட்புல், ராட்வீலருக்குப் புதிய உரிமம் கிடையாது என்று சென்னை மாநகராட்சி முடிவெடுத்தது. எடுக்கட்டும், நான் எதிர்க்கவில்லை. ஆனால் நம்ம பேப்பர் பையனைக் கடித்தது பிட்புல்லா? ராஜபாளையம் கலந்த சாதாரண நாய். எந்த ஜாதி நாயாக இருந்தாலும் கயிறு ஒருத்தர் கையில் இருந்தால் அந்தக் கால் தப்பித்திருக்கும்.

சட்டம் இல்லாமல் இல்லை. பாரதிய நியாய சன்ஹிதா 291-ஆவது பிரிவு என்ன சொல்கிறது? தன்னிடம் உள்ள விலங்கால் பிறர் உயிருக்கோ உடம்புக்கோ ஆபத்து வராமல் பார்த்துக்கொள்ளாதவருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சென்னையில் நாய்க்கு உரிமம் கட்டாயம், மைக்ரோசிப் கட்டாயம், வெளியே கூட்டிப் போனால் கயிறு கட்டாயம். இந்த சிப்பை நான் ஏன் ஆதரிக்கிறேன் என்றால், நாயைத் தூக்கிக் கொண்டுபோய் விட்டுவிட்டு வருகிறவன் பெயர் அதில் இருக்கும்.

ஆமாங்க, தெரு நாய் வானத்திலிருந்தா விழுந்தது? வீட்டு நாய் குட்டி போட்டால் ஆண் குட்டிக்கு ஆள் வரும். பெண் குட்டி நாலையும் கோணிப்பையில் கட்டி மீன் மார்க்கெட் பக்கம் விட்டுவிட்டு வருகிறோம். வாடகை வீடு மாறும்போது ஓனர் ஒத்துக்கலை என்று பழைய தெருவிலேயே விட்டுவிட்டுப் போகிறோம். அடுத்த வருஷம் அந்த நாலு இருபது ஆகிறது. 2024-இல் மாநகராட்சி எடுத்த கணக்கெடுப்பில் சென்னையில் சுமார் 1.8 லட்சம் தெரு நாய்கள். அதில் கருத்தடை ஆனது நூற்றுக்கு 27 மட்டும்தான்.

இங்கேதான் ஆட்சியில் இருப்பவர்களையும் கேட்க வேண்டியிருக்கிறது. உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்டில் முதலில் டெல்லித் தெரு நாய்களை எல்லாம் காப்பகத்தில் அடை என்றது. பிறகு அதே மாதம் திருத்தி, கருத்தடையும் தடுப்பூசியும் போட்டு பிடித்த இடத்திலேயே விடு, வெறிநோய் உள்ளதையும் ஆக்ரோஷமானதையும் விடாதே என்றது. நவம்பரில் பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம் போன்ற இடங்களிலிருந்து பிடித்ததைத் திரும்ப அங்கே விடக் கூடாது என்றது. எல்லாம் சரி, பிடித்ததை எங்கே வைப்பது? எத்தனை காப்பகம் கட்டினீர்கள்? எத்தனை டாக்டர் போட்டீர்கள்? தீர்ப்பு வந்ததும் அறிக்கை விட்டால் நாய் குறையுமா?

"கொன்னு போட்டா தீர்ந்தது" என்று சிலர் வாட்ஸ்ஆப்பில் போடுகிறீர்கள், நம்ம குழுவிலேயே. இதே சென்னையில் நூறு வருஷத்துக்கு மேல் அதைத்தான் செய்தார்கள். 1996-இல் மாநகராட்சியே கைவிட்டது. அத்தனை காலம் கொன்றும் தெரு காலியாகவில்லை. ஒன்றைக் கொன்றால் அந்த இடத்துக்கு இன்னொன்று வருகிறது, ஏனென்றால் கறிக்கடைக் கழிவு அங்கேயே கிடக்கிறது. ஒரு பகுதியில் நூற்றுக்கு எழுபது நாய்க்குத் தடுப்பூசி போட்டால் வெறிநோய் பரவுவது நின்றுவிடும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. எழுபது என்பது முடியாத எண்ணா?

இது சென்னைக்காரன் பிரச்சினை மட்டும் இல்லை. காங்கேயம், வெள்ளகோயில் பக்கம் பட்டியில் அடைத்த ஆட்டை ராத்திரியோடு ராத்திரியாக நாய்க்கூட்டம் கடித்துப் போட்டுவிட்டுப் போகிறது. செத்த ஆட்டைச் சாலையில் போட்டு விவசாயிகள் மறியல் செய்தார்களே, பார்த்தீர்கள்தானே? ஒரு ஆடு செத்தால் அந்த வீட்டுக்கு அது பிள்ளைங்க படிப்புக்கு வைத்திருந்த பணம்.

தெரு நாய்க்குச் சோறு போடுகிற அம்மா ஒருவர் முன் வரிசையில் இருக்கிறார். அக்கா, உங்களை நான் திட்டப் போவதில்லை. ஊசி போட ஆள் வந்தால் அந்த நாய்கள் உங்கள் கைக்குத்தான் வரும், வலைக்கு வராது. ஆனால் அங்கன்வாடி வாசலில் போடாதீங்க. இடத்தை மாத்திக்குவோம்.

அதனால் வேலைக்கு வருவோம். வருகிற ஞாயிறு காலை 7 மணிக்கு நம் அலுவலக வாசலில் தடுப்பூசி முகாம். கால்நடை மருத்துவர் வருகிறார். வீட்டு நாயைக் கயிறு கட்டிக் கூட்டி வாருங்கள், உரிமத்துக்கு ஆன்லைனில் பதிய நம் தம்பிகள் இரண்டு பேர் லேப்டாப்போடு உட்கார்ந்திருப்பார்கள். ஆதாரும் நாயோட போட்டோவும் கொண்டு வாங்க. கட்சிப் பொறுப்பில் இருப்பவர்கள் வீட்டு நாய்கள் முதலில் வரணும். உரிமம் இல்லாத நாயை வைத்துக்கொண்டு நாளைக்கு மாநகராட்சி முன்னால் ஆர்ப்பாட்டத்துக்கு வராதீர்கள். அந்த ஆர்ப்பாட்டம் கண்டிப்பா உண்டு, தேதி பிறகு சொல்கிறேன். நம்ம வட்டத்தில் எத்தனை நாய்க்குக் கருத்தடை ஆச்சு, கறிக்கடைக் கழிவை எந்த வண்டி எத்தனை மணிக்கு எடுக்குது என்று எழுத்தில் பதில் வாங்காமல் எழுந்திருக்கப் போவதில்லை.

எங்க வீட்டு நாய் மணிக்கும் ஊசி தேதி இரண்டு மாதம் தாண்டிப் போச்சு. நேற்று ராத்திரி சீட்டை எடுத்துப் பார்த்தப்போதான் தெரிஞ்சது. ஞாயிற்றுக்கிழமை முதல் ஆளாக மணியைப் பிடிச்சுக்கிட்டு நான் வரிசையில் நிற்பேன், அந்தக் கட்சிக்காரர் எனக்குப் பின்னால நிற்பார். பேப்பர் பையனையும் அவன் அம்மாவையும் வரச் சொல்லியிருக்கேன்.