எனக்குத் தந்ததும் என்னிடம் தந்ததும்

(நூற்றாண்டு நிகழ்வுத் தொடரில், ஓய்வுபெற்ற தமிழ் ஆசிரியையான பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த உரைக்குரிய விடயத்தை நான் தேடிப் போகவில்லை. அது ஒரு பெயர்க்கல்லில் இருந்து வந்தது. புதிய நூலகத்தின் வாசலில் பதிக்கவுள்ள கல்லில் என்ன எழுதுவது என்று சென்ற மாதம் செயற்குழு கூடிப் பேசியது. "அன்பளிப்புச் செய்யப்பட்டது" என்று முதலில் எழுதியிருந்தார்கள். "கையளிக்கப்பட்டது" என்பதுதான் வழக்கம் என்றார் ஒருவர். நான் "ஒப்படைக்கப்பட்டது" என்று போடுவோம் என்றேன். அன்று இரவே ரொறன்ரோவில் இருந்து ஒரு தங்கச்சி தொலைபேசி எடுத்தா. "ரீச்சர், மூண்டும் ஒண்டுதானே? கல் வெட்டுறவருக்கு எழுத்துக்கு எழுத்துக் காசு." எண்ணிப் பார்த்தேன். கையளிக்கப்பட்டது என்பதில் பத்து எழுத்து, ஒப்படைக்கப்பட்டது என்பதில் பதினொன்று. அந்த ஓர் எழுத்துக்குரிய காசை நான் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். ஏன் அப்படிப் பிடிவாதம் பிடித்தேன் என்பதைச் சொல்லத்தான் இன்று எழுந்து நிற்கிறேன்.

கொடுத்தலைக் குறிக்கும் சொற்களுக்குத் தமிழில் குறைவில்லை. ஈ, தா, கொடு என்ற மூன்றையும் யார் யாரிடம் கேட்கும்போது சொல்வது என்று தொல்காப்பியம் பிரித்துக் காட்டுகிறது. தாழ்ந்தவன் ஈ என்பான், ஒத்தவன் தா என்பான், உயர்ந்தவன் கொடு என்பான். உயர்தர வகுப்பில் இதைப் படித்தவர்களுக்கு நினைவிருக்கும். ஆனால் கொடுத்த பொருள் திரும்ப வேண்டுமா, வாங்கியவர் அதைத் தன்னுடையது என்று சொல்லலாமா என்ற கேள்விக்கு அந்த மூன்றில் எதுவும் விடை சொல்லாது. அந்த விடை வினைச்சொல்லில் இல்லை, அதன் முன் வருகிற வேற்றுமை உருபில் இருக்கிறது. "அக்கா எனக்குத் தந்தவ" என்றால் பொருள் என்னுடையது. "அக்கா என்னட்டத் தந்தவ" என்றால் பொருள் அக்காவுடையது, அல்லது வேறு யாருடையதோ. நான் வைத்திருக்கிறேன், அவ்வளவுதான். எங்கள் ஊரில் படிக்காத கிழவிகூட இதில் பிழைவிட மாட்டா.

ஒப்படை என்ற சொல் இந்த "இடம்" என்ற உருபை விட்டு நகராது. என்னிடம் ஒப்படைத்தார் என்போம், எனக்கு ஒப்படைத்தார் என்று சொன்னால் காது ஒத்துக்கொள்ளாது. கையளித்தல் இரண்டு பக்கமும் போகும். அதனால்தான் பத்திரிகையில் வீடும் கையளிக்கிறார்கள், மகஜரும் கையளிக்கிறார்கள். கையளித்தவர் படம் எடுத்துக்கொண்டு போய்விடலாம். பாரப்படுத்தல், பாரமெடுத்தல் என்ற எங்கள் சொற்களில் எனக்கு விருப்பம் கூட. அவற்றில் சுமை தெரிகிறது. ஆனால் சடலத்தைப் பாரமெடுத்தார்கள் என்று செய்தியில் படித்துப் படித்து, நூலகக் கல்லில் அதைப் போட மனம் வரவில்லை.

கம்பராமாயணத்துப் பாலகாண்டத்தில் ஒரு படலத்துக்குப் பெயரே கையடைப் படலம். விசுவாமித்திரர் வந்து இராமனைக் கேட்கிறார், தசரதன் தவிக்கிறான், வசிட்டர் சொன்ன பிறகு சம்மதிக்கிறான். அப்போது அவன் முனிவருக்குத் தந்தேன் என்று பேசுவதில்லை. முனிவரிடத்தில் தந்தேன் என்ற பொருளில்தான் பேசுகிறான். அந்த இடத்தை நான் வகுப்பில் எப்போதும் நிறுத்திக் காட்டுவேன். மாணவிகள் பரீட்சைக்கு வராது என்று சிரிப்பார்கள்.

சிலப்பதிகாரத்தில் வருவது இன்னும் கனமானது. அடைக்கலக் காதையில் கவுந்தியடிகள் கண்ணகியை மாதரி என்ற ஆய்ச்சியிடம் ஒப்படைக்கிறார். ஒரு பெண் இன்னொரு பெண்ணை மூன்றாவது பெண்ணிடம் விடுகிறாள். மாதரி என்ன குறை வைத்தாள்? இருக்க இடம் கொடுத்தாள், சமைக்கப் பாத்திரமும் அரிசியும் காயும் கொடுத்தாள், உதவிக்குத் தன் மகள் ஐயையை விட்டாள். கோவலன் கொலையுண்டது அரண்மனைக்காரர் செய்த பிழை. ஆனாலும் அடைக்கலமாக வந்தவளைக் காக்க முடியவில்லையே என்று மாதரி தீயில் விழுந்து இறந்தாள், கவுந்தியடிகள் உண்ணாமல் இருந்து உயிர் விட்டார். பின்னால் நீர்ப்படைக் காதையில் மாடலன் செங்குட்டுவனுக்கு இதைச் சொல்கிறான். காப்பியம் கண்ணகியோடு போய்விடுகிறது. மாதரியைப் பற்றி ஒரு கேள்விகூடப் பரீட்சையில் வந்ததாக எனக்கு நினைவில்லை. இது என்னுடைய பழைய குறை, மன்னித்துக்கொள்ளுங்கள்.

ஒப்புவித்தல் என்ற சொல்லையும் விட்டுவிடக் கூடாது. நாங்கள் இந்த மண்டபத்தில் நின்று வாய்பாடு ஒப்புவித்தோம், நன்னூல் சூத்திரம் ஒப்புவித்தோம். மனப்பாடம் செய்ததைச் சொல்வதற்கும் ஒரு பொருளை ஒருவரிடம் சேர்ப்பதற்கும் ஏன் ஒரே சொல் என்று சின்ன வயதில் யோசித்ததில்லை. ரீச்சர் எங்களிடம் தந்ததை ஓர் எழுத்துக் குறையாமல் அவவிடமே திருப்பிச் சேர்க்கிறோம் என்று பிறகுதான் விளங்கியது. குறைந்தால் அடிமட்டத்தால் அடியும் விழும்.

இனி நான் சொல்ல வந்த விடயம்.

1995 ஒக்டோபர் 30. வலிகாமம் முழுவதும் எழுந்து நடந்த இரவு. உங்களில் பலர் அந்த நாவற்குழிப் பாலத்தைக் கடந்தவர்கள், நான் விவரிக்கத் தேவையில்லை. நான் அப்போது இங்கே படிப்பித்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஒழுங்கையில் ஓர் அக்கா இருந்தா. பள்ளிக்கூடச் சீருடை தைக்கிறவ. அவ தன் வயதான தாயைச் சைக்கிள் கரியரில் வைத்துக்கொண்டு வடமராட்சிப் பக்கம் போக ஆயத்தமானா. ஒரு பையைக் கொண்டுவந்து என் கையில் வைத்தா. உள்ளே தைத்து முடித்த பன்னிரண்டு சட்டைகள். ஒவ்வொன்றிலும் பெயரும் வகுப்பும் எழுதிய கடதாசித் துண்டு, குண்டூசியால் குத்தியிருந்தது. "நீர் தென்மராட்சிக்குத்தானே போறீர். பிள்ளையளைக் காணுவீர். உம்மட்டத் தாறன்" என்றா. அதற்கு மேல் கதைக்க நேரம் இருக்கவில்லை.

என்னுடைய சீலைகளில் பாதியை வீட்டில் விட்டுவிட்டு அந்தப் பையைக் கொண்டுபோனேன். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. கைதடியில் ஓரிடத்தில் அதையும் போட்டுவிட்டு நடப்போமா என்று நினைத்தேன். மழை, பை ஊறிப் பாரமாகிவிட்டது. எனக்குத் தந்தது என்றால் போட்டிருப்பேன்.

சாவகச்சேரியில் ஒருவர் சொல்லி ஒருவராகப் பிள்ளைகளைக் கண்டுபிடித்தேன். கொடிகாமத்தில் ஒரு கொட்டிலில் இரண்டு பேர். ஒரு தாய் தையல் கூலி மிச்சம் என்று காசு தந்தா. அதையும் நான் வைத்திருக்க வேண்டியதாயிற்று. ஒரு பிள்ளைக்குச் சட்டை அளவில்லாமல் போய்விட்டது, ஆனாலும் வாங்கிக்கொண்டு அழுதாள். பதினொரு சட்டை போய்ச் சேர்ந்தது.

1996 இல் ஊர் திரும்பியபோது அக்காவும் வந்திருந்தா. காசை எண்ணிக் கொடுத்தேன். "கணக்குச் சரியோ?" என்று கேட்டா. ஒன்று மிச்சம் என்றேன். அந்தச் சட்டையை அவவிடமே நீட்டினேன். அவ வாங்கவில்லை. "அது அந்தப் பிள்ளையின்ர. உம்மட்டயே இருக்கட்டும்" என்றா. அக்கா இறந்து இப்போது பல வருடமாகிவிட்டது. ஒப்படைத்தவ இல்லை, உரியவளைக் காணவில்லை. என் அலுமாரியில் அது இருக்கிறது. ஒவ்வொரு தைப்பொங்கலுக்கும் வெயிலில் போட்டு எடுப்பேன். மகள் கேட்பாள், "அம்மா, இதை இன்னும் ஏன் வைச்சிருக்கிறியள்?" என்று. அவளுக்கு நான் சொல்கிற பதில் அந்த ஓர் உருபுதான்.

செயற்குழு கடைசியில் ஒப்படைக்கப்பட்டது என்றே போட இணங்கியது. யாரிடம் என்றும் எழுத வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். அதிபரிடமா, கல்லூரியிடமா, மாணவிகளிடமா என்று அடுத்த கூட்டத்தில் பேசி முடிவெடுப்பார்கள். அதற்கும் எழுத்துக்குக் காசு தர நான் ஆயத்தம்.

சட்டையை இன்று கையோடு கொண்டுவந்திருக்கிறேன். பெயரை மேடையில் வாசிக்கப் போவதில்லை, அது அவளுடைய பெயர். 1995 இல் ஆண்டு 8 பி வகுப்பில் இருந்தவர்கள் யாராவது இங்கே இருந்தால், தேநீர் வேளையில் ஒருக்கால் என்னிடம் வாருங்கள். கடதாசித் துண்டைக் காட்டுகிறேன்.