தேகாப்பியாசமும் தலைவலியும்



தை பிறந்துவிட்டால் நம் பாடசாலைகளில் இல்ல மெய்வல்லுநர் போட்டிகளுக்கான ஆயத்தம் தொடங்கிவிடும். காலையும் மாலையும் மாணவர் மைதானத்தைச் சுற்றி ஓடிக்கொண்டிருப்பர். அந்நாட்களில் அதிபராயிருப்போர் அடிக்கடி கேட்கும் முறைப்பாடு ஒன்றுண்டு. “சேர், ஓடி முடிந்ததும் தலை இடிக்கிறது” என்பதே அது. இதற்கு வழக்கமாக இரு விடைகள் கிடைக்கின்றன. மைதானத்தில் நிற்பவர், “இது வெறும் சாட்டு; இன்னும் ஒரு சுற்று ஓடு” என்பார். வீட்டிலுள்ளோர், “இனி ஓட்டமும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம், புத்தகத்தை எடு” என்பர். இவ்விரு விடைகளும் பிழையானவை. முன்னது சிலவேளை உயிருக்கே தீங்காக முடியும். பின்னது வளரும் பிள்ளைக்கு இன்றியமையாத அப்பியாசத்தைப் பறித்துவிடும். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பது நம் பழமொழி. தனக்கு வராதவரும் அறிந்திருக்க வேண்டிய சிலவற்றை இன்று கூற விரும்புகின்றேன். நான் வைத்தியனல்லன், வைத்திய நூலோர் கண்டறிந்தவற்றை ஓர் ஆசிரியனின் நோக்கில் தொகுத்துரைப்பதே என் பணி.

உடலை வருத்தும்போது தலைவலி வருமென்பது வெறுங் கற்பனையன்று. பிரான்சு தேசத்து நரம்பியல் வைத்தியர் ழூல் தினெல் 1932ஆம் ஆண்டிலேயே இதனை விவரித்து எழுதினார். 1968ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மாயோ மருத்துவ நிலையத்தைச் சேர்ந்த ரூக் என்பார், இத்தகைய தலைவலியுள்ள 103 பேரை மூன்று ஆண்டுகளுக்குக் குறையாது கவனித்துவந்த செய்தியை வெளியிட்டார். அவர்களுள் 10 பேருக்கு மண்டையோட்டினுள்ளே நோயொன்று இருந்தமை தெரியவந்தது. எஞ்சியோரிற் பெரும்பாலோர் காலப்போக்கில் நலமடைந்தனர். அக்காலத்தில் மூளையைப் படம் பிடித்துக் காட்டும் இன்றைய கருவிகள் இருக்கவில்லை. எனினும், அவர் கண்ட பாடம் இன்றும் பொருந்துகின்றது: இத்தலைவலி பெரும்பாலும் தீங்கற்றது, ஆனால், எப்போதும் தீங்கற்றதன்று.

தீங்கற்ற வகையின் இயல்பு யாது? ஓட்டம், நீச்சல், பாரந்தூக்கல், வடமிழுத்தல் போன்ற கடுமுயற்சியின்போதோ அதன் பின்னரோ இது தோன்றும். நாடித்துடிப்போடு ஒத்துத் தலை விண்விண்ணென்று இடிக்கும். சிலருக்குச் சில நிமிடங்களில் தணியும். சிலருக்கு நெடுநேரம் நீடிக்கும். 48 மணித்தியாலத்துக்குள் முற்றாக நீங்கிவிடும். மூளைக்குத் தன்னளவில் வலியுணர்ச்சியில்லை. அதனைச் சூழ்ந்த சவ்வுகளுக்கும் குருதிக் குழாய்களுக்கும் அவ்வுணர்ச்சியுண்டு. கடுமுயற்சியின்போது குருதியமுக்கம் உயர்வதும் அக்குழாய்கள் விரிவதும் இவ்வலிக்குக் காரணமாகலாமென்பது வைத்தியர் கருத்து.

வெப்பமும் உயரமும் இதனை மிகுவிக்கும். 1968ஆம் ஆண்டின் ஒலிம்பிக் விழா கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 2,240 மீற்றர் உயரத்திலுள்ள மெக்சிக்கோ நகரில் நடைபெற்றபோது, நன்கு பயின்ற வீரர் சிலரும் ஓட்டத்தின்பின் கடுந் தலைவலியால் வருந்தினர். நமது சிவனொளிபாத மலையும் 2,243 மீற்றர் உயரமுடையதே. இரவெல்லாம் உறங்காது, உண்ணாது, ஓய்வின்றி அதன் படிகளை விரைந்தேறுவோர் உச்சியிலே தலையைப் பிடித்துக்கொண்டு அமர்வது வியப்பன்று.

இனி, தடுக்கும் வழிகளைக் காண்போம். இவற்றுள் பெரும்பாலானவை பணச் செலவற்றவை.

முதலாவது, உணவு. வெறும் வயிற்றுடன் ஓடும் பிள்ளைக்குத் தலைவலி எளிதில் வரும். விடியற்காலையில் பயிற்சிக்கு வரும் மாணவர் பலர் ஒரு கோப்பை தேநீருடன் வந்துவிடுகின்றனர். ஒரு வாழைப்பழமோ, சிறிது இலைக்கஞ்சியோ, இரண்டு இடியப்பமோ போதும். வயிறு புடைக்க உண்டபின் ஓடுவதும் தகாது. நிறைவாக உண்டால் இரண்டு மணித்தியாலமேனும் பொறுத்திருத்தல் நன்று.

இரண்டாவது, நீர். தாகமெடுத்தபின் ஒரே மூச்சில் குடிப்பதைவிட, முன்னும் இடையிலும் பின்னும் சிறிது சிறிதாகக் குடிப்பதே முறை. வியர்வையோடு உப்பும் வெளியேறுமாதலின், நீண்ட பயிற்சிக்குப்பின் உப்பிட்ட மோரோ கஞ்சியோ அருந்துவது பொருத்தமாகும். வெறும் நீரை அளவின்றிக் குடித்தாற் குருதியிலுள்ள உப்பின் செறிவு குறைந்து, அதனாலும் தலைவலியும் மயக்கமும் உண்டாகலாம். ஆகவே, அளவறிந்து குடிக்கப் பழக்குதல் வேண்டும்.

மூன்றாவது, படிமுறை. ஆண்டு முழுவதும் வாங்கில் அமர்ந்திருந்த பிள்ளையை ஒரே வாரத்தில் மரதன் ஓட்டக்காரனாக்க முயல்வது பேதைமை. பயிற்சியின் தொடக்கத்தில் 10 அல்லது 15 நிமிடம் மெல்ல நடந்தும் ஓடியும் உடலைச் சூடேற்றுதல் வேண்டும். முடிவிலும் சட்டென்று நின்றுவிடாது மெல்ல நடந்து தணிய விடுதல் வேண்டும். வெப்பத்துக்கு உடல் பழகுவதற்கு ஏறத்தாழ இரண்டு வாரங்கள் செல்லும்.

நான்காவது, மூச்சு. பாரந் தூக்குவோரும் வடமிழுப்போரும் மூச்சை அடக்கிக்கொண்டு முக்குவது வழக்கம். அப்போது தலையினுள் அமுக்கம் திடீரென உயரும். வலுவைச் செலுத்தும்போது மூச்சை வெளியே விடப் பழகுதல் நலம்.

ஐந்தாவது, காலமும் உறக்கமும். முற்பகல் 10 மணி முதல் பிற்பகல் 3 மணி வரையுள்ள வெயிலிற் கடும் பயிற்சி கூடாது. 2024ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், கிழக்கு மாகாணத்துப் பாடசாலை மரதன் ஓட்டமொன்றிற் பங்குபற்றிய மாணவர் ஒருவர் உயிர்நீத்த செய்தி நம் எல்லோரையும் உலுக்கியது. பிரமுகர் வரும் நேரத்துக்காகப் போட்டியை நண்பகலுக்குத் தள்ளிவைக்கும் வழக்கத்தை நாம் கைவிடுதல் வேண்டும். அதிதிகள் சற்று முன்னதாக எழுந்து வரட்டும். பிள்ளைகள் வெயிலில் வேக வேண்டியதில்லை.

மருந்தைப் பற்றியும் ஒரு சொல். தலைவலிக்கு அஞ்சி, ஓடுமுன்னர் ஒரு குளிசையை விழுங்கும் பழக்கம் சிலரிடமுண்டு. இதனைத் தடுக்கும் மருந்துகள் உள்ளனவாயினும், அவை வைத்தியர் பரிசோதித்துக் கொடுக்க வேண்டியவை. வயிற்றுப் புண்ணுடையோருக்கும் இழைப்பு நோயுடையோருக்கும் அவற்றுட் சில தீங்கு செய்யும். வலிக்குளிசைகளை அடிக்கடி உட்கொள்வதே புதியதொரு தலைவலிக்குக் காரணமாவதுமுண்டு. காய்ச்சலோடு தலைவலியும் இருப்பின், அது டெங்குவாகவும் இருக்கலாம். அவ்வேளையில் மைதானத்தையும் அஸ்பிரின், இபுபுரூபன் போன்ற குளிசைகளையும் அறவே தவிர்த்து வைத்தியரிடம் செல்லுதல் வேண்டும்.

நேயர்களே, இனிக் கூறப்போவனவற்றை மனத்தில் நன்கு பதித்துக்கொள்ளுங்கள். இடி விழுந்தாற்போலத் திடீரென உச்சநிலையில் தோன்றும் தலைவலி, வாந்தி, கழுத்து விறைப்பு, பார்வை இரட்டித்தல், பேச்சுத் தடுமாற்றம், கைகாற் சோர்வு, நினைவு தப்புதல் ஆகியவற்றோடு கூடிய தலைவலி, இரண்டு நாளுக்குமேல் நீளும் தலைவலி ஆகிய இவை ஓய்வெடுத்துப் பார்க்க வேண்டியவையல்ல. தாமதமின்றி வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டியவை. முதன்முறையாகத் தோன்றுவது சிறியதாயினும் வைத்தியரிடம் காட்டுதல் வேண்டும். பந்தோ மட்டையோ தலையிற்பட்டபின் வலியென்று கூறும் பிள்ளையை அன்று மீண்டும் விளையாட விடுதல் கூடாது. 40 வயதைக் கடந்தவருக்கு நடக்கும்போது தலைவலி தோன்றி, நின்றதும் அது தணியுமாயின், சிலவேளை அது இருதய நோயின் அறிகுறியாகவும் இருக்கலாம்.

வெயிலில் ஓடிய பிள்ளை தலைவலியோடு மனந்தடுமாறிப் பேசினால், உடனே நிழலுக்குக் கொண்டுசென்று, மேலாடையைத் தளர்த்தி, உடலெங்கும் நீரூற்றி விசிறுங்கள். நினைவு தெளியாதவரின் வாயில் நீர் ஊற்றாதீர்கள். 1990 என்னும் தொலைபேசி இலக்கத்தை அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வண்டி வரும். அந்த இலக்கத்தை ஒவ்வொரு மைதானத்திலும் எழுதிவைத்தல் நன்று.

பிள்ளை தலைவலியென்று கூறும்போது ஆசிரியரும் பெற்றோரும் நான்கு கேள்விகளைக் கேட்டாற் போதும். காலையில் என்ன உண்டாய்? எவ்வளவு நீர் குடித்தாய்? இரவில் எத்தனை மணிக்கு உறங்கினாய்? இதற்குமுன் இவ்வாறு வந்ததுண்டா? இந்நான்குக்கும் பொறுமையோடு விடை கேட்டால், சாட்டுச் சொல்லும் பிள்ளை யார், உண்மையாக வருந்தும் பிள்ளை யார் என்பது விளங்கும். தேகாப்பியாசத்தை நிறுத்துவதற்கு அவசியமிராது. முறையைத் திருத்தினாற் போதும். வரும் தை மாதத்தில் நம் மைதானங்களிலே கொடிகள் பறக்கும்போது, நிழலில் நீர்க்குடமும், அதனருகே பிள்ளையின் சொல்லைக் காதுகொடுத்துக் கேட்கும் ஒருவரும் இருப்பாராக.