ஹேய்ஸ் ஆற்றங்கரைக் கிட்டங்கி



பதினேழாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் கனவான் என்றால் தலையில் தொப்பி இருக்கவேண்டும். உசத்தியான தொப்பி பீவர் என்னும் பிராணியின் அடிமயிரில் செய்தது. அந்த மயிரில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய கொக்கிகள் உண்டு. அடித்துப் பிசைந்தால் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, மழைக்கும் உரு மாறாது. ஐரோப்பாவில் பீவரைக் கொன்று தீர்த்தபின் வணிகர்களின் பார்வை கனடாவின் வடக்கே போனது. 1670இல் மன்னர் இரண்டாம் சார்லஸ், ஹட்சன் விரிகுடாவில் கலக்கும் ஆறுகள் பாயும் நிலம் அத்தனையையும் ஒரு கம்பெனிக்கு எழுதிக் கொடுத்தார். அங்கே காலங்காலமாக வாழ்ந்தவர்களை யார் கேட்டார்கள்?

அந்த ஹட்சன் விரிகுடாக் கம்பெனி 1684இல் ஹேய்ஸ் ஆற்று முகத்துவாரத்தில் அமைத்ததுதான் யார்க் பேக்டரி. பெயரைக் கேட்டு ஆலை என்று நினைக்கவேண்டாம். சரக்கை வாங்கி, விற்று, இருப்பு வைக்கும் கிட்டங்கி அது. நாணயப் புழக்கம் இல்லாத இடம். துப்பாக்கியோ கெண்டியோ கம்பளியோ, எதற்கும் விலை ‘இத்தனை பீவர் தோல்’தான். இதில் ஒரு வேடிக்கை. ஆரம்ப காலத்தில், அந்தப் பகுதியின் பூர்வகுடிகளான கிரீ மக்கள் குளிர்காலம் முழுக்க உடுத்திப் பழசாக்கிய தோல் அங்கிக்குத்தான் கிராக்கி. முரட்டு மேல்மயிர் உதிர்ந்து, அடிமயிர் உடம்பின் எண்ணெய்ப் பிசுக்கோடு தொப்பிக்குத் தயாராக இருக்கும். பழைய துணிக்குப் பாத்திரம் கொடுக்க நம் தெருவுக்கு வருபவர்கூட இவ்வளவு ஆசையோடு பழசை வாங்கமாட்டார்!

இடையில் பிரெஞ்சுக்காரர்கள் யார்க் பேக்டரிக் கோட்டையைப் பிடித்தார்கள். 1713ஆம் ஆண்டு உட்ரெக்ட் உடன்படிக்கையால் அது கம்பெனிக்கே திரும்பியது. சண்டைக் கதை அவ்வளவு போதும். அடுத்து வந்த ஒரு பெண்தான் எனக்கு முக்கியம்.

1714 நவம்பரில், கிரீ மக்களிடம் சிறைப்பட்டிருந்து தப்பிய டெனே இனப் பெண் ஒருவர், பசியில் குற்றுயிராக யார்க் பேக்டரிக்கு வந்து சேர்ந்தார். பெயர் தனடெல்தூர். டெனே நாட்டுத் தோலும் வேண்டும் என்பது அங்கிருந்த ஆளுநர் ஜேம்ஸ் நைட்டின் கணக்கு. ஆனால் கிரீக்களுக்கும் டெனேக்களுக்கும் ஜென்மப் பகை. துப்பாக்கியோ கிரீக்களிடம் மட்டும். மறு ஆண்டு கோடையில், வில்லியம் ஸ்டூவர்ட் என்ற கம்பெனி ஆளும் சுமார் 150 கிரீக்களும் சமாதானம் பேசப் புறப்பட்டார்கள். வழிகாட்டி, மொழிபெயர்ப்பாளர் எல்லாம் தனடெல்தூர்தான். பட்டினியில் கூட்டம் சிதறியது. வழியில், கொல்லப்பட்ட டெனேக்களின் உடல்கள் கிடந்தன. மிரண்டு திரும்பப் பார்த்த கிரீக்களைப் பத்து நாள் காத்திருக்கச் சொல்லிவிட்டு, அவர் தனியாகப் போய்த் தம் மக்களைப் பெருங்கூட்டமாக அழைத்துவந்தார். குரல் கட்டும்வரை பேசி இணங்கவைத்தவரும் அவரே.

கோட்டைக்குத் திரும்பிய பிறகும் அந்த மிடுக்கு குறையவில்லை. மட்டமான தோல் கொண்டுவந்தவர் ஒருவரின் மூக்கைப் பிடித்துப் பின்னால் தள்ளி, முட்டாள் என்று திட்டினாராம். நைட் இதை நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார். 1717 பிப்ரவரி 5ஆம் தேதி தனடெல்தூர் நோயில் இறந்தார். அதே ஆண்டு கம்பெனி டெனேக்களுக்காக சர்ச்சில் ஆற்றில் புதிய நிலையம் திறந்தது. நைட் அவரை வாயாரப் புகழ்ந்தார். ஆனால் குறிப்பில் இருப்பது ‘அடிமைப் பெண்’ என்ற அடைமொழி மட்டும். பெயரைக் காப்பாற்றித் தந்தது டெனே மக்களின் வாய்மொழி வழக்கு. என்னைக் கேட்டால், இந்த வணிகத்தின் வரலாற்றில் ஆளுநர்களுக்கு முன்னால் எழுதவேண்டிய பெயர் அது.

இன்று அங்கே நிற்கும் மூன்றடுக்கு மரக் கிட்டங்கி 1830களில் கட்டியது. அடிமண் எப்போதும் உறைந்தே கிடக்கும் நிலம். மேல்மண் இளகி இறுகுவதற்கேற்ப அசைந்து கொடுக்கும்படி அமைத்திருக்கிறார்கள். பிறகு தெற்கே நீராவிப் படகும் ரயிலும் வந்தன. சரக்கு அந்த வழியில் போனது, வடக்குத் துறை படுத்தது. 1957இல் கம்பெனி யார்க் பேக்டரியை மூடியது. கோட்டையை ஒட்டித் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த கிரீ குடும்பங்களை உள்நாட்டில் யார்க் லேண்டிங் என்ற இடத்துக்குப் பெயர்த்தார்கள். அவர்களின் சந்ததி இன்றும் அங்கே வாழ்கிறது. அத்தனை நிலத்தையும் சாசனத்தில் வாங்கிய கம்பெனியோ, 355 வயதில், 2025இல் தன் கடைகள் அனைத்தையும் இழுத்து மூடியது.